மிக்ஸி ஜாருக்கு அடியில் கறுப்புத் தண்ணீர்: அடுக்களை மின்சாதனங்கள் பற்றி ஓர் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் இவற்றோடு தினமும் புழங்குகிறவர்கள் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். எந்தக் கம்பெனி நல்லது என்ற பேச்சு வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது. எவ்வளவு போட்டால் நன்றாக அரைபடும், எந்தப் பாகம் எதனால் போகிறது, வீட்டில் எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவரம் போதும். சொந்தக் கதையைக் குறைத்துக்கொண்டு அளவுகளைக் கூட்டி எழுதினால் படிக்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

சட்னி ஜாரிலிருந்து தொடங்குகிறேன். மிக்ஸி வாங்கியவர்கள் அதிகம் சலித்துக்கொள்வது அதைப் பார்த்துத்தான்: "பிளேடு சுற்றுது, சட்னி அரைபடல." பிளேடைச் சுற்றி வெற்றிடம் விழுந்து, தேங்காய் முழுக்கச் சுவரில் அப்பிக்கொண்டிருக்கும். பிளேடு காற்றில் சுற்றும். இதற்குக் காரணம் பெரும்பாலும் போடுகிற வரிசைதான். முதலில் பொட்டுக்கடலை, மிளகாய், உப்பு, பூண்டு ஆகியவற்றைத் தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று தடவை இன்ச்சரில் (குமிழைப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் நிலை) தட்டுங்கள். பிறகு தேங்காய்த் துருவல். அதையும் உலர்வாகவே ஒரு சுற்று. அதற்கப்புறம்தான் தண்ணீர், அதுவும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. எடுத்த எடுப்பிலேயே அரை டம்ளர் ஊற்றினால் தேங்காய்ப்பூ மேலே மிதந்து, கடைசிவரை நறநறவென்றே இருக்கும். பல்லாகக் கீறிய தேங்காயை அப்படியே போடுகிறவர்கள் சுண்டுவிரல் நகம் அளவுக்காவது நறுக்கிப் போடுங்கள்.

400 மி.லி. சட்னி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. அதேபோல் இரண்டே மிளகாயும் நாலு பூண்டும் போட்டு "அரைபடவில்லை" என்று சொல்வதிலும் நியாயமில்லை. பிளேடு மூழ்குகிற அளவுக்குச் சரக்கு இருக்கவேண்டும். அவ்வளவு குறைவான அளவுக்கு இன்றைக்கும் சின்ன உரலை மிஞ்ச ஒன்றுமில்லை.

பொடி திரிப்பதில் ஒரே விதி: வறுத்தது முழுக்க ஆறியிருக்க வேண்டும். கைபொறுக்கும் சூடு என்பது ஆறியது ஆகாது. சூடாகப் போட்டால் மூடிக்குள் ஆவி வியர்த்து, அந்த ஈரம் பொடியில் சேர்ந்து, ஜாரின் அடியோரத்தில் களியாகப் பிடித்துக்கொள்ளும். 20 விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், கரண்டிக் காம்பால் அடியைக் கிளறிவிடுங்கள், மறுபடி 20 விநாடி. எள், வேர்க்கடலை சேர்கிற பொடியானால் அவற்றைக் கடைசியில் போட்டு இன்ச்சரில் மட்டும் தட்டவேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும். விரலி மஞ்சளை முழுசாகப் போடவே கூடாது. உரலில் இடித்துச் சிறு துண்டாக்கிய பிறகும், அரைக் கிலோவுக்கு மேல் என்றால் மில்லுக்குக் கொடுப்பதுதான் மிக்ஸிக்கு நல்லது.

சூடான தக்காளி, வேகவைத்த பருப்பு, ரசத்துக்குக் கரைத்தது இவற்றை ஜாரில் ஊற்றி மூடி இறுக்கி ஓட்டுவது ஆபத்து. பிளேடு சுற்றியதும் ஆவி ஒரே நொடியில் பொங்கி மூடியைத் தூக்கிவிடும், முகத்தில் தெறிக்கும். ஆறவையுங்கள். அவசரமானால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மூடியின் நடுத்துளையைத் திறந்து, அதன்மேல் மடித்த துணியை வைத்து, முதல் வேகத்திலேயே ஓட்டுங்கள்.

---

மறுமொழி: மின்சாதனம் பழுதுபார்ப்பவர்

மேலே எழுதிய அக்கா சொன்னது சரி. மிக்ஸி போவதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியில் இருக்கும். அதில் முதலிடம் ஜாரின் புஷ்ஷுக்கு.

ஜாருக்கு நடுவில் பிளேடைத் தாங்குகிற தண்டு இருக்கிறதல்லவா, அது ஒரு வெண்கல புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. மேலே ஒரு வாஷர், நடுவில் சீல். அரைத்து முடித்ததும் ஜாரை ஊறட்டும் என்று சிங்க்கில் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க வைத்தால், உப்பும் புளியும் கலந்த தண்ணீர் சீலைத் தாண்டி புஷ்ஷுக்குள் இறங்கும். அங்கே இருக்கிற எண்ணெய்ப் பசை கழுவப்பட்டுப் போகும். பிறகு உலோகத்தோடு உலோகம் தேயும். அந்தத் தேய்மானப் பொடியும் பழைய கிரீஸும் கலந்து கசிவதுதான் ஜாருக்கு அடியில் நீங்கள் பார்க்கிற கறுப்புத் தண்ணீர். கீழே கசிகிறது என்றால் மேலே உணவுக்குள்ளும் போகும் என்று பொருள். கறுப்பைப் பார்த்த அன்றே அந்த ஜாரை ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் சோதிக்க எளிய வழி உண்டு. ஜாரைக் காலியாகக் கையில் எடுத்து, பிளேடின் நடு நட்டைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டுங்கள் (விளிம்பைத் தொடாதீர்கள்). லேசாகக்கூட ஆடக்கூடாது. 'டக் டக்' என்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அடுத்து, ஜாருக்கு அடியில் இருக்கிற கப்ளரை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றவேண்டும். இறுக்கமாக, மணலில் தேய்வது போல இருந்தால் உள்ளே துரு ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட ஜாரை ஓட்டினால் மோட்டார் இரண்டு மடங்கு உழைக்கும். புஷ், தண்டு, வாஷர் மூன்றையும் செட்டாக மாற்றவேண்டும். வாஷரை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் திரும்பவும் கசியும், ஏனென்றால் ஆடுகிற தண்டு புது வாஷரையும் அறுத்துவிடும்.

அடுத்தது கப்ளர். மோட்டார் தலையில் ஒன்று, ஜாருக்கு அடியில் ஒன்று, இரண்டும் பல்லோடு பல் பொருந்தி உட்காரும். ஓடும்போது 'கரகர' என்ற சத்தமும் அடியில் ரப்பர் தூள் போன்ற கறுப்புத் துகளும் வந்தால் பல் தேய்ந்துவிட்டது. மோட்டார் பக்கத்துக் கப்ளரைக் கழற்றும்போதுதான் நிறையப் பேர் மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் கப்ளரைத் திருகினால் கழலும். ஓட ஓட இறுகுகிற மாதிரி மரை வெட்டியிருப்பதால்தான் இப்படி. தண்டு கூடவே சுற்றும், அதை அசையாமல் பிடிக்கவேண்டும். கைக்கு வரவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் பதறவேண்டாம். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மோட்டார் தாங்காத சுமையில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதற்கு அது அடையாளம். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிளக்கை எடுத்து, ஜாரிலிருந்து பாதிச் சரக்கை வழித்து, கால் மணி நேரமாவது ஆறவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். குமிழ் 3இல் இருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் கையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும். தினமும் பொத்தான் விழுகிறது என்றால் ஜாரைச் சோதியுங்கள். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டுவது சுருளைக் கருக்குகிற வேலை.

பெட்டிமேல் "30 நிமிட ரேட்டிங்" என்று போட்டிருப்பதை அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று படிக்கிறார்கள். அது 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று ஆறு சுற்று. இந்த மோட்டார் நிமிடத்துக்கு 18,000 முதல் 20,000 சுற்று வரை போகக்கூடியது. குளிர்விக்க அதன் வாலில் இருக்கிற சின்ன விசிறி மட்டும்தான் துணை. அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை மறைக்கிற மாதிரி மடித்த துணிமேல் மிக்ஸியை வைத்து ஓட்டினால் அந்தத் துணையும் போச்சு.

கார்பன் பிரஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் இரு பக்கமும் ஸ்பிரிங்கோடு இரண்டு கரித்துண்டுகள் இருக்கும். தேயத் தேய ஸ்பிரிங் முன்னே தள்ளும். முழுக்கத் தேய்ந்ததும் மிக்ஸி விட்டுவிட்டு ஓடும், துளை வழியாக நீலப் பொறி பெரிதாகத் தெரியும், பிறகு ஒருநாள் அடியோடு நிற்கும். விலை குறைவான பாகம்தான், இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பொறி கூடும். புது பிரஷ் போட்ட முதல் சில நாள் லேசான பொறி தெரிவது இயல்பு, உட்காரும்வரை அப்படித்தான்.

---

மறுமொழி

கல் உப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூர்மையாகும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அண்ணா, இது உண்மையா?

---

மறுமொழி: மின்சாதனம் பழுதுபார்ப்பவர்

உப்பை விட எஃகு கடினம். உப்பால் எஃகைத் தீட்ட முடியாது. ஆனால் பிளேடின் விளிம்பிலும் அடியிலும் ஒட்டிக் காய்ந்துபோன பருப்புப் படலத்தை உப்புத் துகள் சுரண்டி எடுக்கும், அதனால் நன்றாக அரைபடுவது போலத் தோன்றும். அந்த வேலைக்கு ஒரு கைப்பிடி பச்சரிசியே போதும். உப்புப் போட்டால் உடனே கழுவித் துடையுங்கள், இல்லையென்றால் புஷ் அரிக்கும். முட்டைஓட்டைப் போட்டு ஓட்டச் சொல்வதும் இதே வகைதான். பிளேடு உண்மையிலேயே மழுங்கியிருந்தால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாம். ஆனால் நாலு இறக்கையும் சம எடையில் இல்லாவிட்டால் ஜார் அதிரும், அதிர்ந்தால் புஷ் போகும். பிளேடு மாற்றுவதே மேல்.

---

மறுமொழி: வீட்டில் மாவு அரைத்து விற்பவர்

எனக்கு மாவைப் பற்றித்தான் சொல்லத் தெரியும். உளுந்து கிரைண்டரில் ஆட்டியது வேறு, மிக்ஸியில் அடித்தது வேறு. மிக்ஸி பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்கிப் பிசைகிறது. பிசையும்போதுதான் உளுந்தின் வழவழப்பு வெளியே வந்து காற்றைப் பிடித்துவைக்கிறது. கூடவே மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடேறிவிடும். கல் அந்த வேகத்துக்கு அருகில்கூட வராது, அதனால் அரை மணி நேரம் ஆடினாலும் மாவு குளிர்ச்சியாக இருக்கும்.

அளவு சொல்கிறேன். இட்லி அரிசி 4 டம்ளர், முழு வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. மிக்ஸியில்தான் அரைக்கவேண்டும் என்றால் 4க்கு 1 போதாது, 3க்கு 1 வையுங்கள், ஏனென்றால் உளுந்து அந்த அளவுக்குப் பொங்காது. அரிசி 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்து 1 மணி நேரம் போதும். அரிசியோடு சேர்ந்து 4 மணி நேரம் ஊறிய உளுந்து தண்ணீரை ஏகமாகக் குடித்துவிட்டு, ஆட்டும்போது பொங்காமல் கொழகொழவென்று படுத்துவிடும். வெயில் காலத்தில் உளுந்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஊறவையுங்கள், தெளிக்கிற தண்ணீரும் சில்லென்று இருக்கட்டும்.

கிரைண்டரை ஓடவிட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, உளுந்தைப் பிடிபிடியாகப் போடவேண்டும். முழுவதையும் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் தொடக்கத்திலேயே மோட்டார் திணறும். முதல் ஐந்து நிமிடம் கெட்டியாகவே ஓடட்டும். அதன்பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையளவு தண்ணீர். ஒரு டம்ளர் உளுந்துக்கு மொத்தம் இரண்டு முதல் இரண்டரை டம்ளர் வரை இழுக்கும், உளுந்தைப் பொறுத்தது. மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் கல்லுக்குப் பிடி கிடைக்காமல் பருப்பு வழுக்கி ஓடும். 30 நிமிடம் கழித்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் கொஞ்சம் மாவைக் கிள்ளிப் போடுங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். ஆட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் பொங்கும் என்று நினைக்கவேண்டாம். ஒரு கட்டத்துக்கு மேல் மாவு வெதுவெதுப்பாகி, பிடித்த காற்றை விட்டுவிடும்.

உளுந்தை வழித்த அதே டிரம்மில் அரிசி. கழுவத் தேவையில்லை. விரலுக்கிடையில் மெல்லிய ரவை தட்டுப்படும்போது நிறுத்துங்கள். நைசாக ஓடவிட்டால் தோசைக்கு நன்று, இட்லி கல்லாகும். இரண்டையும் கையால் அடித்துக் கலந்து, பாத்திரத்தில் பாதியளவு மட்டும் நிரப்பி மூடுங்கள். சென்னை வெயிலில் 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ஊட்டியிலோ மார்கழிக் குளிரிலோ 14 மணி நேரம்கூட ஆகும்.

சொல்லவேண்டிய ஒன்று: நடுவில் கரண்ட் போனால் அப்படியே விட்டுவிட்டு, வந்ததும் ஓடட்டும் என்று ஸ்விட்சை ஆன் செய்தே வைக்காதீர்கள். நின்ற மாவு அடியில் இறுகியிருக்கும், கல் அதில் புதைந்திருக்கும். அந்தச் சுமையோடு மோட்டார் கிளம்ப முடியாமல் 'உம்ம்' என்று நின்றபடியே சூடேறும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் குழவியைத் தூக்கி, மாவைக் கையால் கிளறித் தளர்த்தி, ஓடத் தொடங்கிய பிறகு கல்லை இறக்குங்கள்.

நுரை பொங்கி டிரம்மின் விளிம்பு வரை உளுந்து ஏறி வரும்போது அதைப் பார்ப்பதே நிறைவு. பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது ஆட்டிப் பாருங்கள்.

---

மறுமொழி: மின்சாதனம் பழுதுபார்ப்பவர்

கிரைண்டரின் உள்விவரம் கொஞ்சம். இந்த இயந்திரம் கோயம்புத்தூர்ப் பிள்ளை. 1955இல் அங்கே பி. சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார் என்பது வரலாறு. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது. தமிழக அரசு 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய பிறகு கிராமத்து வீடுகளிலும் மேடைமேல் வைக்கிற டேபிள்டாப் கிரைண்டர் வந்துவிட்டது. ஆனால் பராமரிப்பை யாரும் சொல்லித் தரவில்லை.

புது கிரைண்டர் என்றால் முதலில் ஒரு கைப்பிடி ஊறவைத்த பழைய அரிசியை 10 நிமிடம் ஆட்டிக் கொட்டுங்கள். மாவில் சாம்பல் நிறமும் நறநறப்பும் இல்லாமல் போகும்வரை, இரண்டு மூன்று முறை. அது கல்லின் துகள், வயிற்றுக்குள் போகக்கூடாது.

கிரைண்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. அதனால்தான் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் உழைக்கிறது. அதில் போவது மூன்றுதான்: பெல்ட், கெபாசிட்டர் (மோட்டார் கிளம்ப உதவுகிற பாகம்), குழவியின் புஷ். ஓடும்போது டிரம் மட்டும் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, மோட்டார் சத்தம் சீராக இருக்கிறது, ரப்பர் கருகும் வாசனை வருகிறது என்றால் பெல்ட். அடிப்பெட்டிக்குள் கறுப்புப் பொடி கொட்டியிருக்கும். பெல்ட்டின் முதுகில் எண் அச்சடித்திருக்கும், பழைய பெல்ட்டையே கடைக்கு எடுத்துப்போய் அதே எண்ணை வாங்குங்கள். கொஞ்சம் சின்னது இழுத்து மாட்டலாம் என்று போட்டால் மோட்டாரின் பேரிங் போகும்.

சுற்றவே இல்லை, 'உம்ம்' என்ற முனகல் மட்டும், கையால் டிரம்மைத் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் கெபாசிட்டர். அதன் உடம்பில் மைக்ரோஃபாராட் எண்ணும் வோல்ட் எண்ணும் இருக்கும். இரண்டும் பொருந்தவேண்டும். பிளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், முனையைத் தொட்டால் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் அடிமூடியைத் திறக்கவேண்டாம்.

குழவிகளைச் சிங்க்கில் தண்ணீருக்குள் மூழ்க வைக்காதீர்கள். குழாயடியில் பிடித்துத் தேய்த்துக் கழுவி, குப்புற வைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே டிரம்முக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் குழவியின் நடுவில் மாவு தங்கிப் புளித்து நாறும், அடுத்த நாள் மாவுக்கும் அந்த வாடை வரும். ஓடும்போது 'டக்... டக்...' என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டினால் நடு புஷ் தேய்ந்திருக்கிறது. டிரம்மின் நடுத்தண்டு மூடியைத் திருகி இறுக்காமல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தண்ணீர் நேராகக் கீழே பேரிங்குக்குத்தான் போகிறது.

சாய்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டரிலும் பழைய பெரிய கிரைண்டரிலும் கல் வழவழப்பாகிவிட்டால் ஆட்டும் நேரம் கூடிக்கொண்டே போகும். அம்மி கொத்துகிறவர்கள் இதையும் கொத்துவார்கள். கொத்திய பிறகு மறுபடி அரிசி ஆட்டிக் கொட்டவேண்டும்.

---

மறுமொழி: அமெரிக்காவிலிருந்து

ஊரிலிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்காக. இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதாது. கிளம்பும்போதும் கெட்டியான சரக்கிலும் அது நிறைய இழுக்கும், 1500 வாட்டாவது வேண்டும். அது செங்கல் போலக் கனக்கும். மிக்ஸியின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாது, வோல்ட் சரியாக இருந்தால் ஓடும். கிரைண்டர் அப்படி இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் கூட்டும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் கிரைண்டர் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும், மாவு தெறிக்கும், மோட்டாரும் வழக்கத்தைவிடச் சூடாகலாம். இங்கத்திய மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டர் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

இங்கத்திய பிளெண்டரில் தேங்காய்ச் சட்னி ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: அதன் உயரமான ஜாடி நிறையத் திரவத்தோடு பழச்சாறு அடிப்பதற்காகச் செய்தது. குறைந்த தண்ணீரில் கெட்டியாக அரைப்பதற்குக் குட்டையான உலோக ஜாரும், அடியை ஒட்டிய தட்டை பிளேடும் வேண்டும். இந்தியாவில் 1963இல் எஸ்.பி. மாத்தூர் சுமீத் மிக்ஸியை உருவாக்கியதே, வெளிநாட்டு பிளெண்டர் நம் வீட்டு மசாலாவைத் தாங்காமல் போனதால்தான்.

---

மறுமொழி

ரைஸ் குக்கர் பற்றி யாரும் எழுதவில்லை. சோறு ஒருநாள் குழைகிறது, ஒருநாள் விதையாக நிற்கிறது. அளவு மாறாமலேயே இப்படி ஆகிறது.

---

மறுமொழி: தொடக்கப் பதிவிட்டவர்

தம்பி, பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். குக்கருக்குள் சூட்டுத் தட்டின் நடுவில் ஸ்பிரிங்மேல் ஒரு வட்டப் பொத்தான் இருக்கும். அதற்குள் காந்தம். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். 103 டிகிரி வாக்கில் அந்தக் காந்தம் பிடியை விட்டுவிடும், நெம்புகோல் 'டக்' என்று விழுந்து விளக்கு 'வார்ம்' ஆகும். அவ்வளவுதான் அதன் அறிவு. பொத்தானுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலும், பாத்திரத்தின் அடி நசுங்கியிருந்தாலும் கணக்குத் தப்பும். ஒருநாள் சீக்கிரம் விழும், ஒருநாள் அடிபிடிக்கும். பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஈரம் போகத் துடைத்து வையுங்கள், வைத்தபின் இடமும் வலமும் லேசாகத் திருப்பி உட்காரவையுங்கள்.

இன்னொன்று, குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி. அளவு. சமையல் குறிப்புகளில் வருகிற கப் 240 மி.லி. அரிசியைச் சின்னதிலும் தண்ணீரைப் பெரியதிலும் அளந்தால் குழையத்தான் செய்யும். எந்தக் கப்பானாலும் இரண்டையும் அதிலேயே அளக்கவேண்டும். பச்சரிசிக்கு 1க்கு 2, பொன்னி புழுங்கலுக்கு 1க்கு 3 என்று தொடங்கி, பழைய அரிசியானால் கால் கப் கூட்டிக்கொள்ளுங்கள். புழுங்கலை அரை மணி ஊறவைத்தால் சீராக வேகும். கஞ்சி பொங்கி மூடித் துளை வழியே வழிகிறதென்றால் அரிசியைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது குக்கரின் கொள்ளளவைத் தாண்டிவிட்டீர்கள். 'வார்ம்' விழுந்த பிறகு பத்து நிமிடம் திறக்காமல் விட்டு, பிறகு அகப்பையால் அடியிலிருந்து கிளறிவிடுங்கள்.

---

மறுமொழி

இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக் உருகிவிடுகிறது. அடுப்பு நன்றாகத்தான் ஓடுகிறது.

---

மறுமொழி: மின்சாதனம் பழுதுபார்ப்பவர்

அடுப்பில் கோளாறு இல்லை. சுவரில் இருப்பதுதான் பிரச்சினை. 2000 வாட்டை 230ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 8.7 ஆம்பியர். சாதாரணச் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதில் மாற்றி மாட்டியோ, நீட்டிப்பு வயரிலோ ஓட்டினால் பின் சூடாகி பிளாஸ்டிக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி வயரோடு போடுங்கள். அதுவரை 1200 வாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். சமையல் முடிந்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்கவும் கூடாது. உள் விசிறி ஓடி நிற்கும்வரை விடவேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் சூடு முழுக்கச் சர்க்யூட்டில் இறங்கும். விசிறித் துளை வழியாகக் கரப்பான் போவதும் பெரிய தொல்லை. உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கேயே குடியிருக்கும், சர்க்யூட் ஷார்ட் ஆகிவிடும். இரவில் மேடையிலிருந்து எடுத்து உயரத்தில் நிறுத்தி வையுங்கள்.

---

மறுமொழி

கெட்டிலுக்கு ஒரு குறிப்பு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடித்து, கொதிக்க நேரமாகும், 'கடகட' சத்தமும் கூடும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கொதிக்கவிட்டு, அணைத்து, அரை மணி ஊறவிட்டுக் கொட்டுங்கள். பொங்கும், ஆகவே பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். சுரண்டவே தேவையில்லை. பிறகு வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் கெட்டில் தானாக அணையாது, ஏனென்றால் ஆவி பட்டால்தான் அந்த ஸ்விட்ச் விழும். பால் காய்ச்சாதீர்கள். அடிபிடிக்கும், பொங்கி ஆவித் துளைக்குள்ளும் போய்விடும்.

---

மறுமொழி

அண்ணா, முதலில் சொன்ன கறுப்புத் தண்ணீர் எங்கள் ஜாரிலும் இருக்கிறது, ஆனால் பிளேடு ஆடவில்லை. புஷ் மாற்றத்தான் வேண்டுமா?

---

மறுமொழி: மின்சாதனம் பழுதுபார்ப்பவர்

ஆடவில்லை என்றால் சீல் மட்டும் போயிருக்கலாம், தண்டு இன்னும் தேயவில்லை. கடையில் பிளேடைக் கழற்றச் சொல்லி, தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டாவிட்டால் சீலும் வாஷரும் போதும். தட்டினால் செட்டாகவே மாற்றுங்கள். மாற்றிய ஜாரில் தண்ணீரைப் பாதிக்கு ஊற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் காகிதம் நனையாமல் இருக்கவேண்டும். இந்தச் சோதனைக்கு மட்டும்தான் ஊறவைக்கலாம், அதுவும் வெறும் தண்ணீர். பிறகு ஈரத்தைத் துடைத்து, குப்புறக் கவிழ்த்து, கப்ளர் பக்கம் தண்டோரத்தில் ஒரே ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு விரலால் சுற்றிவிடுங்கள்.